கட்டிக் கணக்கு

நம்ம வயசுக்காரங்க எல்லாருக்கும் ஒண்ணு சொல்லிப்போடறேன். வெளிநாட்டுக்குக் குடி போறவங்க வீட்டுக்கு வழியனுப்பப் போகாதீங்க. போனா என்னாட்டம் கத்திப்போட்டு வந்துருவீங்க. போன மாசம் எங்க தம்பி பேரன் பொண்டாட்டி புள்ளைகளோட கனடாவுக்குக் கெளம்பினான். போய்ப் பாக்கறேன், நடு வீட்டுல தராசு தொங்குது. பெட்டியை மாட்டறதும் எறக்கறதும், அரைக்கிலோ கூடிப்போச்சுன்னு ஒரு துணியை உருவறதுமா ஒரே ரகளை. சுத்தி நிக்கற சனம் ஆளுக்கொரு வெலை சொல்லுது. அங்க வாடகைக்கே பாதிச் சம்பளம் போயிருமாம். முடி வெட்டக்கூடக் கட்டுபடியாகாதாம். ஒரு கட்டுக் கொத்தமல்லித் தழை வாங்கற காசுக்கு இங்க ஒரு கூடையே வாங்கலாமாம். சொல்றவங்கள்ல ஒருத்தரும் அந்த ஊரைக் கண்ணால பாத்ததில்லை. அவன் பொண்டாட்டியோட அம்மா புளியை உருண்டை உருண்டையாப் புடிச்சுப் பையில போட்டுட்டு இருக்கறாங்க. எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோவம் வந்துச்சோ! "அந்தப் புளியைத் தூக்கிக் கடாசுங்க, புள்ளைக எல்லாரும் போறாங்களான்னு மொதல்ல எண்ணிப் பாருங்க"ன்னு கத்திப்போட்டேன். கெழவிக்கு என்னமோ ஆயிப்போச்சுன்னு என் கையில ஒரு டம்ளர் காப்பியைக் குடுத்து மூலையில உக்கார வெச்சுட்டாங்க. அவங்களுக்கு என்ன தெரியும்? உங்களுக்குச் சொன்னாப் புரியும்.

இது வெள்ளைக்காரன் காலத்துல, முப்பதுகள்ல நடந்தது. பல்லடம் ரோட்டுப் பக்கம் எங்க ஊரு. ஒரே கூட்டுக் குடும்பம். வீட்டுக்குப் பெரியவரு பெரியப்பா. பருத்தி வெலை விழுந்து, கெணறும் வத்திப்போன ஒரு வருசம், நாலெழுத்துப் படிச்சவருங்கறதால எங்கப்பா மலாயாவுக்குப் போயி ஒரு ரப்பர் தோட்டத்துல கிராணியாச் சேந்தாரு. கிராணின்னா ஆள் கணக்கு எழுதற வேலை. எங்கம்மாவும் நாங்க மூணு பேரும் பெரியப்பா வீட்டுலேயே இருந்தோம். அக்கா மூத்தவ, பன்னெண்டு வயசு இருக்கும். நான் நடுவுல. கடைசியாத் தம்பி, அவன் அப்பா முகமே பாக்காதவன்.

அக்காவைப் பத்திச் சொல்லோணும்னா அவ சாப்பிடறதைத்தான் மொதல்ல சொல்லோணும். அப்படி ஒரு திருப்தியாத் திங்கற புள்ளையை நான் இன்னிக்கு வரைக்கும் பாத்ததில்லை. கம்பஞ்சோத்துல மோரை ஊத்திக் கரைச்சு, சின்ன வெங்காயத்தைக் கடிச்சுக்கிட்டு, வட்டல்ல ஒரு பருக்கை இல்லாம வழிச்சுட்டு, "இன்னுங் கொஞ்சம் போடுங்க பெரிம்மா"ன்னு நீட்டுவா. கொள்ளுப் பருப்பு கடைஞ்ச அன்னிக்கு மூணு தரம் நீட்டுவா. மோர் வாயோரமா வழிஞ்சு முழங்கை வரைக்கும் ஓடும், அதையும் நக்கிக்குவா. பெரியம்மாவுக்குப் பூரிச்சுப் போயிரும். "இவ தின்னாத்தான் எனக்கு ஆக்கினாப்பல இருக்குது"ன்னு சொல்லி இன்னொரு அகப்பை போடுவாங்க. அவங்களுக்குப் பொண்ணு இல்லை.

அப்படி இருக்கும்போது அப்பாகிட்ட இருந்து தகவல் வந்துச்சு. தோட்டத்துல அவருக்குத் தனி வீடு குடுத்துட்டாங்களாம், 'குடும்பத்தை அனுப்பி வைக்கவும்'. அவ்வளவுதான். அந்தக் காலத்துல குடும்பம்னா பொண்டாட்டின்னும் அர்த்தம், புள்ளைகுட்டியெல்லாம் சேத்தியும் அர்த்தம். அண்ணனுக்கு எழுதறப்பப் பொண்டாட்டி, புள்ளைன்னு பிரிச்சு எழுதறதுக்குக் கூச்சம். இந்தக் கூச்சத்தை எல்லாம் கொண்டு போயி எந்தக் கெணத்துல போடறதுன்னு எனக்கு இன்னைக்கும் தெரியலை.

வெலைங்கற பேச்சே எங்க வீட்டுல அதுவரைக்கும் கெடையாதுங்க. இதை இப்பத்தப் புள்ளைக நம்பாது, நீங்க நம்புவீங்க. கம்பும் சோளமும் காட்டுல வெளையுது. பாலும் மோரும் கட்டுத்தறியில. கொள்ளு, தட்டப்பயிறு, மொளகா, மல்லி எல்லாம் நம்முளுது. அடுப்புக்கு வேலிமுள்ளு. தலைக்குத் தேய்ச்சுக்க அரப்பு. சவரம் பண்றவருக்கும் துணி வெளுக்கறவருக்கும் வருசத்துக்கு ஒருக்கா களத்துமேட்டுல தவசம் அளந்து போட்டா முடிஞ்சுது. துட்டுக் குடுத்து வாங்கறதுன்னா உப்பு, சீமெண்ணெய், தீப்பெட்டி, நோம்பி, தீபாவளிக்குத் துணி. இப்படி ஒரு வீட்டுல போயி, அந்தச் சீமையில மாசம் ஒரு குடும்பம் நடத்த என்ன ஆகும்னு கேட்டா யாருக்குத் தெரியும்? தெரியலைன்னு ஒருத்தர் வாயத் தொறந்து சொல்லியிருந்தாப் போதும். பெரியப்பா சொல்லுவாரா? ஊருக்கே நாயம் சொல்ற மனுசன். தம்பி குடும்பம் அங்க போயிப் பசியில கெடந்தா ஊரு தன்னைத்தான் கேக்கும்னு அவருக்கு ஒரே பயம். அந்தப் பயத்துல கண்டவங்ககிட்டயெல்லாம் வெலை விசாரிச்சாரு. திருப்பூர் சந்தையில யாரோ சொன்னாங்களாம், அங்க ஒவ்வொரு சவரத்துக்கும் தனித்தனியாக் காசு குடுக்கோணும்னு. "தலை மசுரு வளர்றதுக்கெல்லாமா துட்டு?"ன்னு ரெண்டு நாள் அதையே சொல்லிட்டு இருந்தாரு.

அந்தச் சமயத்துலதான் பினாங்குக்காரரு வந்து சேந்தாரு. பக்கத்து ஊர்க்காரருதான். அங்க அப்பாவுக்குப் பழக்கம், லீவுல ஊருக்கு வந்தவரு எங்களையும் ஒரு எட்டுப் பாத்துட்டுப் போலாம்னு வந்தாரு. வெள்ளை வெளேர்னு சட்டை, கையில கடியாரம். அவரு வாசல்ல கால் வெச்ச ஒடனே வீடெல்லாம் ஒரு சென்ட்டு வாசனை அடிச்சுது, மாடெல்லாம் மூஞ்சியைத் திருப்பிக்கிச்சு. பெரியம்மா கோழி அடிச்சு, விருந்துக்குன்னு வெச்சிருந்த அரிசியைப் போட்டுச் சோறாக்கினாங்க.

இங்க ஒரு வழக்கத்தைச் சொல்லோணும். புருசனோட அண்ணன் முன்னால வந்து நின்னு பேசற பழக்கம் அப்ப எங்க பக்கத்துல இல்லை. எங்கம்மா சமையக்கட்டுக் கதவுக்குப் பின்னாலதான் நிப்பாங்க. என்ன கேக்கோணுமோ அதைப் பெரியம்மாகிட்டயோ அக்காகிட்டயோ சொல்லுவாங்க. அவங்க வந்து பெரியப்பாகிட்டக் கேப்பாங்க. பதிலும் அந்த வழியாத்தான் திரும்பிப் போகும். எட்டடி தூரத்துல நிக்கற எங்கம்மா காதுல எல்லாம் நல்லா விழும், இருந்தாலும் அக்கா போயி மறுக்காச் சொன்னாத்தான் சொன்னதாக் கணக்கு. ஒரு ஊருக்கே தபால் எடுத்துட்டு ஓடினாப்பல அக்கா நடுவுல ஓடிட்டு இருப்பா.

பினாங்குக்காரரும் பெரியப்பாவும் சாப்பிட உக்காந்தாங்க. பெரியப்பா மெதுவா ஆரம்பிச்சாரு. "ஏனுங் தம்பி, அங்க சாமானெல்லாம் வெலை எப்படீங்க?"

"அங்க எல்லாமே கட்டிக் கணக்குத்தானுங்கண்ணா. சீனி ஒரு கட்டி ஆறு காசு. புளி அதுக்கு மேல போகும். காசுன்னா நம்ம காலணான்னு வெச்சுக்கங்க."

பெரியப்பா கையில இருந்த சோறு அப்படியே நின்னு போச்சு. "சீனியைக் கட்டியாவா விக்கறாங்க?"

"எல்லாமே கட்டிதானுங்க. அரிசி, பருப்பு, மீனு, வெங்காயம். எதை வேணாலும் கேளுங்க, இத்தன கட்டி வேணும்னுதான் கேக்கோணும்."

கதவுக்குப் பின்னால இருந்து அம்மா அக்கா காதுல என்னமோ சொன்னாங்க. அக்கா வந்து நடுவுல நின்னா. "அம்மா கேக்கறாங்க. ஒரு கட்டின்னா எத்தாச்சோடு, எவ்வளவு பெருசு இருக்குமுங்க?"

அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில் வந்திருந்தாப் போதும், நான் இன்னிக்கு இதை உக்காந்து எழுத வேண்டிய வேலையே இல்லை. அந்த மனுசனும் வாயில கோழி எலும்போட, கையைத் தூக்கிச் சொல்லத்தான் வந்தாரு. அதுக்குள்ள பெரியப்பா, "ஏ புள்ள, சாப்பிடற மனுசனைத் தொணதொணங்காத. உள்ள போ"ன்னு ஒரு அதட்டு அதட்டினாரு. "இருக்கட்டுங்கண்ணா, புள்ளைதானுங்க"ன்னு அவரு சிரிச்சாரு. பெரியம்மா இன்னும் ரெண்டு துண்டு கறி போட்டாங்க. பேச்சு மழை, கெணறு, யாரோ வீட்டுக் கல்யாணம்னு எங்கெங்கியோ போயிருச்சு. வந்த விருந்தாளியைக் கிண்டிக் கிளறிக் கேக்கப்படாது, அது மரியாதை இல்லை. வீட்டுக்காரரு தப்பாப் புரிஞ்சுக்கிட்டாலும் விருந்தாளி திருத்தப்படாது, அதுவும் மரியாதை இல்லை. வெத்தலை போட்டுட்டு, சாயங்கால வண்டிக்குக் கெளம்பிப் போயிட்டாரு.

அவரு போன பொறகு பெரியப்பா தன்னோட கையை மடக்கிக் காமிச்சாரு. "கட்டின்னா நம்ம வெல்லக்கட்டியாட்டம் இத்தாச்சோடு இருக்கும். இதுக்கு ஆறு காலணா! கொள்ளையா இது?"

"அரிசி எப்படீங்க கட்டியாகும்?"னு பெரியம்மா கேட்டாங்க.

"கப்பல்ல வார அரிசி. உப்புக்காத்துப் பட்டுக் கட்டி புடிச்சுக்கும். ஒடைச்சு ஒடைச்சு விப்பான்."

"வெங்காயமுங்க?"

பெரியப்பா கொஞ்ச நேரம் மோட்டுவளையைப் பாத்தாரு. "அழுகி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும்"னாரு.

நான் சிரிச்சுட்டேன். நறுக்குன்னு ஒரு கொட்டு விழுந்துச்சு. வேற யாரும் சிரிக்கலை. அழுகின வெங்காயத்தைக் கட்டி கட்டியா விக்கற நாட்டுக்கு நம்ம புள்ளைக போகுதேன்னு பெரியம்மா கண்ணுல தண்ணி. இப்ப நெனச்சாத் தலைல அடிச்சுக்கலாம்னு வருது. நல்லாக் கேட்டுக்குங்க, இவங்க யாரும் முட்டாளுங்க இல்லை. மேகத்தைப் பாத்து மழை சொல்லுவாரு, மாட்டுப் பல்லைப் பாத்து வயசு சொல்லுவாரு எங்க பெரியப்பா. ஒரு சொல்லைத் தப்பாப் புடிச்சுக்கிட்டாரு. புடிச்சதை விட மாட்டாரு.

அடுத்த நாள் காலையில மாட்டுத் தொட்டி மேல கடலைக்காயைப் பரப்பி வெச்சுக் கணக்குப் போட ஆரம்பிச்சாரு. ஒரு கடலைக்காய் ஒரு கட்டி. இது உங்கப்பனுக்கு, இது உங்கம்மாவுக்கு, காலையில இத்தன, பொழுதோட இத்தனன்னு வரிசை வரிசையா அடுக்கிட்டு வந்தாரு. தண்ணி சேந்திட்டு வந்த அக்கா, பெரியப்பா சும்மா கடலைக்காய் வெச்சுட்டு உக்காந்திருக்காருன்னு நெனச்சு, ஒரு வரிசையை அள்ளி ஒடைச்சுத் தின்னுட்டே போயிட்டா. பெரியப்பா ரெண்டாவது தரம் எண்ணினாரு. கணக்கு வரலை. தொலியைப் பாத்த பொறகுதான் அவருக்குப் புரிஞ்சுது. "கணக்கையே தின்னுபோட்டா பாரு இவ"ன்னு சிரிச்சாரு. நாங்களும் சிரிச்சோம். ஆனா அப்பறம் அவரு அக்காவையே பாத்துட்டு இருந்தாரு, சிரிப்பு நின்ன பொறகும்.

ஒரு மத்தியானம், பெரியம்மா காட்டுக்கு ஆளுகளுக்குச் சோறு கொண்டு போயிருந்தாங்க. பெரியப்பா வாசல்ல கட்டில்ல உக்காந்திருந்தாரு. அம்மா கதவுக்குப் பின்னால. நான் ஆமணக்கு முத்து ஒடைச்சுட்டு இருந்தேன். பெரியம்மா இல்லாததால அக்காதான் நடுவுல நின்னா.

"கண்ணு, உங்கம்மாகிட்டச் சொல்லு"ன்னாரு பெரியப்பா. "நானும் எப்படி எப்படியோ போட்டுப் பாத்துட்டேன். உங்கப்பன் சம்பளம் மூணு வயித்துக்குத்தான் கட்டும். அவன், உங்கம்மா, சின்னது ரெண்டும் சேந்து ஒரு ஆளு. பெரியவ இங்க இருக்கட்டும்."

அக்கா திரும்பிக் கதவைப் பாத்துச் சொன்னா. "அம்மா, சம்பளம் மூணு வயித்துக்குத்தான் கட்டுமாமா. பெரியவ இங்க இருக்கோணுமாமா." "பெரியவ"ன்னு அவ சொன்னது வேற யாரோ ஒரு புள்ளையைச் சொல்ற மாதிரி இருந்துச்சு.

பொறகு அம்மா கொரலு கேட்டுச்சு. "நான் ஒரு நேரம்தான் சாப்பிடுவேன்னு சொல்லு கண்ணு."

"அம்மா ஒரு நேரந்தான் சாப்பிடுவாங்களாமுங்க."

"உங்கம்மா ஒரு நேரம் நிறுத்தினா ஒரு கட்டி மிச்சமாகும். நீ ஒரு நேரத்துக்கே ரெண்டு கட்டி திம்பே. அதையும் சொல்லு."

"நான் ஒரு நேரத்துக்கு ரெண்டு கட்டி திம்பனாமா, அம்மா."

"கொறச்சுத் திங்கச் சொல்றேன்னு சொல்லு."

அக்கா பெரியப்பா பக்கம் திரும்பினா. "நானு கொறச்சுத் திங்கறனாமுங்க, பெரியப்பா."

பெரியப்பாவுக்குக் கண்ணு கலங்கிப் போச்சு. கட்டிலை விட்டு எந்திரிச்சுட்டாரு. "வளர்ற புள்ளையை வயித்தைக் கட்டிப்போடச் சொல்றதுக்கு நான் என்ன கசாப்புக்காரனா? இங்க வயிறாரத் தின்னுட்டு இருக்கட்டும். ஒரே வருசம். உங்கப்பனுக்குச் சம்பளம் எச்சாச்சுன்னா நானே கொண்டு வந்து விட்டுப்போட்டு வாரேன்." அவரு கெட்டவரா இருந்திருந்தா எனக்கு இவ்வளவு எரிச்சல் இருக்காதுங்க. திட்டித் தீத்துட்டுப் போயிருப்பேன். புள்ளை மேல உசுரையே வெச்சிருந்த மனுசன், புள்ளை பட்டினி கெடக்கப்படாதுன்னுதான் அவளை நிறுத்தினாரு. ரெண்டு பக்கமும் அவ வாயாலயே சொல்ல வெச்சாங்களே, அது தப்புன்னு ஒருத்தருக்கும் தோணலை. உனக்கு என்ன வேணும்னு அவளை ஒருத்தரும் கேக்கலை. அவ தண்ணிக் கொடத்தை எடுத்துட்டுக் கெணத்துக்குப் போயிட்டா.

அம்மாவுக்கு எழுதத் தெரியாது. வீட்டுக்கு வேண்டிய கடுதாசியெல்லாம் பெரியப்பாதான் எழுதுவாரு. அப்புறம் எப்படி அப்பாகிட்டக் கேக்கறது?

அதுக்கப்பறம் மூட்டை கட்டற கூத்து. ஒரு கட்டிப் புளிக்கு அந்த வெலைன்னா, இங்கிருந்தே மூணு வருசத்துக்குக் கொண்டு போயிரலாம்னு முடிவு பண்ணினாங்க. புளியைக் கொட்டை எடுத்து, உப்புப் போட்டு இடிச்சு, பானையில அமுக்கினாங்க. வரமொளகாயை வாசலெல்லாம் காயப் போட்டதுல ஒரு வாரம் வீடே தும்மிச்சு. நாட்டுச் சக்கரை ஒரு மூட்டை, கொள்ளு ஒரு மூட்டை, அரப்புத் தூளு ஒரு தகர டின்னு, உப்புகூட ஒரு சாக்கு. கடலைத் தாண்டிப் போறவங்களுக்கு உப்பு! ஊர்ல இருந்து ஆளாளுக்கு வந்து, அங்க கெடைக்காதுன்னு ஒண்ணொண்ணாக் குடுத்துட்டுப் போனாங்க. வாசல் கூட்டற சீவக்கட்டையைக் கூட ஒருத்தர் குடுத்தாரு. கடைசியா அம்மிக்கல்லு. அதைத் தூக்கி வண்டியில வெச்சப்ப வண்டியே ஒரு பக்கம் சாஞ்சுது. கல்லுக்கு எடம் இருந்துச்சுங்க. அக்காவுக்குத்தான் எடம் இல்லை.

கெளம்பற அன்னிக்கு அக்கா எனக்குத் தலை பின்னி விட்டா. வலிக்கற அளவுக்கு இறுக்கமாப் பின்னினா, கப்பல் காத்துல கலைஞ்சிரும்னு சொன்னா. தம்பிக்கு மூக்கைத் தொடைச்சு விட்டா. அம்மா அவளைக் கட்டிப் புடிச்சுட்டு விடவே இல்லை. பெரியம்மாதான் பிரிச்சு எடுத்தாங்க. பயணம் போறவங்க திரும்பிப் பாக்கப்படாதுன்னு சொல்லி அம்மாவை வண்டியில ஏத்தினாங்க. அம்மா திரும்பிப் பாக்கலை. நான் பாத்தேன். அக்கா கன்னுக்குட்டிக் கயித்தைப் புடிச்சுட்டு நின்னா, அது அவளை இழுத்துட்டு இருந்துச்சு.

கோயமுத்தூர்ல ரயிலேறி, நாகப்பட்டணத்துல கப்பலேறினோம். மேல்தட்டுல பாயை விரிச்சுக்கிட்டு, வாந்தியும் மயக்கமுமாக் கெடந்தோம். அடியில போட்ட மூட்டையெல்லாம் தண்ணி கசிஞ்சு நனைஞ்சு போச்சு. மொளகா பூஞ்சைக்காளான் புடிச்சுது. உப்பு பாதி கரைஞ்சு கொள்ளு மூட்டைக்குள்ள எறங்கிப்போச்சு. அம்மிக்கல்லு மட்டும் நல்லா இருந்துச்சு.

பினாங்குல அப்பா எங்களைக் கூட்டிட்டுப் போக வந்து நின்னாரு. தம்பியைத் தூக்கினாரு, அவன் அலறினான். என் தலையைத் தடவினாரு. அப்பறம் எங்களுக்குப் பின்னால பாத்தாரு. வாரவங்க போறவங்களை எல்லாம் பாத்துட்டு, "பெரியவ எங்க?"ன்னாரு.

"அவளுக்குச் சோறு போட உங்க சம்பளம் கட்டாதுன்னு உங்கண்ணன் நிறுத்திப்போட்டாரு"ன்னாங்க அம்மா.

அப்பாவுக்கு ஒண்ணும் வெளங்கலை. மூட்டையும் கல்லும் எறக்கற அவசரத்துல பேச்சு அப்படியே நின்னு போச்சு. தோட்டத்துக்குப் போற வழியில ஒரு டவுன்ல வண்டியை நிறுத்தி, சாமான் வாங்கிக்கலாம்னு கடைக்குக் கூட்டிட்டுப் போனாரு. கடைக்காரரு கோயமுத்தூர்க் கோட்டைமேட்டு ராவுத்தரு. கடைக்குள்ள கால் வெச்சா அப்படியே நம்மூரு வாசனை. மல்லி, மொளகா, புளி, கருப்பட்டி, அப்பளம், அரப்புத் தூளு, எது இல்லை அங்க? தும்மித் தும்மி நாங்க காய வெச்சது அத்தனையும் அங்க அழகா டின்னுல உக்காந்திருந்துச்சு.

"என்னங்க வேணும் அம்மணி?"ன்னாரு ராவுத்தரு.

அம்மா முந்தானை முடிச்சைக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டாங்க. "சீனி ஒரு கட்டி குடுங்க. ஒண்ணே ஒண்ணு போதுமுங்க."

அவரு எடை போடற தூக்குக்கோலை எடுத்தாரு. அதோட தட்டுல சீனியை அள்ளி அள்ளிப் போட்டாரு. கோலு மட்டமாகற வரைக்கும் போட்டாரு. காகிதத்துல கொட்டிப் பொட்டலமாக் கட்டினா, அது எங்கம்மாவோட ரெண்டு கையும் சேந்தாத்தான் புடிக்கற அளவு இருந்துச்சு.

"இத்தன வேண்டாமுங்க. ஒரு கட்டிதான் கேட்டேன்."

"இதுதானுங்க அம்மணி ஒரு கட்டி. இங்கத்த எடைக்குப் பேரு கட்டி. நம்மூர் ராத்தலை விட எச்சா இருக்கும்."

அம்மா அந்தப் பொட்டலத்தைப் பாத்துட்டே நின்னாங்க. "அரிசி ஒரு கட்டி போடுங்க"ன்னாங்க. போட்டாரு. "புளி ஒரு கட்டி." போட்டாரு. "வெங்காயம்." வெங்காயம் உருண்டு வந்து தட்டுல விழுந்துச்சு, ஒண்ணுகூட அழுகலை, ஒண்ணோட ஒண்ணு ஒட்டவும் இல்லை. ஒவ்வொண்ணா மேசை மேல குமிஞ்சுது. அப்பா, "எதுக்கு இப்ப இத்தன?"ன்னாரு. அம்மா அரிசி மூட்டை மேல பொத்துன்னு உக்காந்து, அத்தன சனம் பாக்கறாங்கன்னுகூட நெனைக்காம, தலைல படார் படார்னு அடிச்சுக்கிட்டாங்க. ராவுத்தரு பதறிப்போயி ஒரு லோட்டாத் தண்ணி கொண்டு வந்து, "என்னங்க ஆச்சு அம்மணி?"ன்னு கேட்டுட்டே நின்னாரு.

நான்தான் அப்பாகிட்டச் சொன்னேன், பெரியப்பா கையை மடக்கிக் காமிச்சதையும், கடலைக்காய்க் கணக்கையும். கேட்டுட்டு அவரு சொன்னது இதுதான்: "கட்டின்னா எடைன்னு அண்ணனுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்."

"மூணு புள்ளைகளையும் அனுப்புங்கன்னு ஒரு வரி எழுதறதுக்கு உங்களுக்குக் கை வலிச்சுதுங்களா?"ன்னாங்க அம்மா. எங்கம்மா அப்பாகிட்ட அப்படிப் பேசினது எனக்குத் தெரிஞ்சு அதுதான் மொதல் தடவை.

"அண்ணனுக்குப் போயி அப்படி எழுதினா... மரியாதையா இருக்காதேன்னு."

மரியாதை! ஒருத்தர் விருந்தாளியைக் கேக்கலை, ஒருத்தர் அண்ணனுக்கு எழுதலை, ஒருத்தங்க கதவை விட்டு வெளிய வந்து பேசலை. இத்தன பேரோட மரியாதையையும் ஒரு பன்னெண்டு வயசுப் புள்ளை தலையில ஏத்தி வெச்சுட்டாங்க. எனக்கு இப்ப எழுதறப்பக்கூட எரியுது.

அப்பா அன்னிக்கே கடுதாசி போட்டாரு. சட்டுனு வந்துருவான்னுதான் நாங்க நெனச்சோம். பெரியப்பா பதில் போட்டாரு: புள்ளை சௌக்கியம், வயசு வந்த புள்ளையைத் தனியாக் கப்பல்ல அனுப்ப ஆகாது, தக்க தொணை கெடைக்கும்போது அனுப்பறேன். கட்டியைப் பத்தி அதுல ஒரு வார்த்தை இல்லை. தொணைக்கு ஆள் கெடைச்சா அவங்க போற தேதி ஒத்து வராது. தேதி ஒத்து வந்தா அவங்களைப் பெரியப்பாவுக்குப் புடிக்காது. ரெண்டு தீபாவளி போச்சு. பலகாரம் சுட்ட ரெண்டு தீபாவளியும் அம்மா ஒண்ணையும் வாயில வெக்கலை. கடைசியா பினாங்குக்காரரு தன் சம்சாரத்தைக் கூட்டிட்டு வந்தப்ப, அவங்களோட அக்காவும் வந்து சேந்தா.

அம்மாவை விட ஒசரமா வளந்திருந்தா. தாவணி போட்டிருந்தா. கன்னத்துல சதையே இல்லை. பெரியம்மா வயிறாரத்தான் போட்டிருப்பாங்க, எனக்குச் சந்தேகமே இல்லை. இவ வாங்கித் தின்னிருக்க மாட்டா. அம்மா கட்டிப் புடிச்சு அழுதப்ப, "அழுவாதீங்கம்மா"ன்னா. முன்னாடியெல்லாம் அம்மாவை வா போன்னுதான் பேசுவா.

அம்மா அன்னிக்கு அடுப்பை விட்டு நகரவே இல்லை. சுடுசோறு, கோழிக் கொழம்பு, கொள்ளுப் பருப்பு, தயிரு. எல்லாரையும் சுத்தி உக்கார வெச்சு, மொதல்ல அக்கா வட்டல்லதான் சோத்தைக் குமிச்சுக் கொட்டினாங்க. அக்கா கை நனைக்கலை. அப்பாவைப் பாத்தா, என்னைப் பாத்தா, தம்பியைப் பாத்தா. பொறகு அடுப்பு மேல இருந்த பானையைப் பாத்தா. "உங்களுக்கெல்லாம் பத்துமுங்களாம்மா?"ன்னு கேட்டா.

அம்மா இன்னொரு கரண்டி அள்ளிப் போட்டாங்க. "நெறைய இருக்குது, தின்னு கண்ணு."

"பரவால்லீங்க, இதுல பாதியை எடுத்துருங்க." கோவிச்சுக்கிட்டுச் சொல்லலை. குத்திக் காட்டவும் இல்லை. அவ நெசமாத்தான் கேட்டா. அப்பா எந்திரிச்சு வெளிய போயிட்டாரு.

அம்மா பானையை அடுப்புல இருந்து எறக்கித் தூக்கிட்டு வந்து அக்கா முன்னால சாய்ச்சுக் காமிச்சாங்க. கை சுட்டிருக்கும், ஒண்ணும் சொல்லலை. "பாரு, நல்லா எட்டிப் பாத்துக்கோ"ன்னாங்க. அக்கா எட்டிப் பாத்தா. அடி வரைக்கும் பாத்தா. அதுக்கப்பறம்தான் சோத்துல கை வெச்சா. அக்கா கல்யாணமாகிப் போற வரைக்கும் எங்க வீட்டுல அதுதான் நடைமுறை. பானையை மொதல்ல அவகிட்டக் கொண்டு போயிக் காமிக்கோணும். அவ பாத்துட்டு, "சரிங்கம்மா"ன்னு சொன்ன பொறகுதான் அம்மா எங்களுக்கெல்லாம் சோறு போடுவாங்க.